எவோராவா, போர்ட்டோவா?

போர்ச்சுகலின் லிஸ்பனில் தங்கியிருக்கிறீர்கள், கையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. பழைய நகரமும் பார்க்க வேண்டும், ஒயின் விளைகிற மண்ணையும் மிதிக்க வேண்டும். எல்லோரும் சொல்வது வடக்கே இருக்கும் போர்ட்டோ. இரண்டே நாள் என்றால் கிழக்கே இருக்கும் எவோராதான் சரி.

போர்ட்டோவின் பெயரைத் தாங்கிய போர்ட் ஒயின் போர்ட்டோவில் விளைவதில்லை. டோரு ஆற்றுக்கு அக்கரையில், வில நோவ டி கையாவில் இருப்பவை ஒயினை முதிரவைக்கும் கிடங்குகள். தோட்டங்கள் கிழக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி, டோரு பள்ளத்தாக்கில். லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு 3 மணி நேரம்; அங்கிருந்து தோட்டங்களின் நடுவிலுள்ள பின்யாவுக்கு இன்னொரு இரண்டரை மணி. போக வர 11 மணி நேரம் ரயிலிலேயே கழிந்துவிடும்.

எவோரா 130 கி.மீ.தான், ரயிலில் ஒன்றரை மணி. ஒரு நாளைக்குச் சில வண்டிகளே ஓடுவதால் திரும்பும் வண்டியை முதலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தவறினால் பேருந்து உண்டு. மதிலுக்குள் எல்லாமே நடை தூரம். ரோமானியக் கோயிலில் இன்னும் 14 தூண்கள் நிற்கின்றன. கிட்டே போய்ப் பாருங்கள்: தண்டு கருங்கல், அடியும் தலையும் எஸ்திரமோஸ் சலவைக்கல். ஊருக்கு வெளியே, வரலாற்றுக்கு முந்தைய கற்கள் நிற்கும் அல்மெந்த்ரெஸ் கல்வட்டத்துக்குப் பேருந்து கிடையாது. டாக்சியைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதி மண்சாலை, மழை பெய்தால் சேறு. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏப்ரல், மே, அக்டோபர் நல்லது.

ஒயினிலும் இரண்டும் வேறு வேறு. போர்ட் நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீத வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்ப்பார்கள், ஏறக்குறைய நாலு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு. ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை தங்கிவிடும். அதனால்தான் இனிப்பும் 20 சதவீதம் அளவுக்கு வீரியமும். எவோரா இருக்கும் அலென்தேஜோவில் பெரும்பாலும் இனிப்பில்லாத ஒயின். அங்கே ரோமானியர் காலத்து முறையில் மண் தாழியில் நொதிக்கவைக்கும் தால்யா ஒயினை விட்டுவிடாதீர்கள். திராட்சைத் தோல்கள் மேலே மிதந்து தாழியின் வாயை அடைக்கும். தினமும் கோலால் குத்தி அமுக்காவிட்டால் உள்ளே வாயு ஏறித் தாழியே வெடித்துவிடும். தோல் அடியில் படிந்ததும் அதுவே வடிகட்டி. கீழ்க்குழாயைத் திறந்தால் தெளிந்த ஒயின் வரும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் தாழி திறப்பது வழக்கம்.

ஒயின் ஆலைகளுக்கு முன்பதிவு அவசியம். ஞாயிறு திறப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரில் போனால் ஓட்டுபவர் சுவைக்க வேண்டாம், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு.

சாப்பாட்டில் எவோரா நம் நாவுக்கு நெருக்கம். கொத்தமல்லி, பூண்டு, உப்பை இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றி, ரொட்டியும் முட்டையும் போட்டால் அசோர்தா. பல இடங்களில் அந்த நீர் காட் மீன் வெந்த நீர்; சைவர்கள் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிவிடலாம்.

போர்ட்தான் வேண்டும் என்பவர்கள் மூன்று இரவு ஒதுக்குங்கள். பின்யா ரயிலில் போகும்போது வலப்பக்க ஜன்னல், ஆறு அந்தப் பக்கம்தான் வரும்.