மைக்கேல் காலின்ஸ்: ஒரே பெயரில் ஒரு போராளி, ஒரு விண்வெளி வீரர்

அயர்லாந்தில் இந்தப் பெயரைச் சொன்னாலே 1890-ல் கார்க் மாவட்டத்தில் பிறந்த விடுதலைப் போராளிதான் நினைவுக்கு வருவார். இளமையில் லண்டன் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் எழுத்தராக இருந்தவர். பின்னாளில் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு வலையையே உடைத்தார். போராளிகள் தாங்களே அமைத்த அரசின் நிதியமைச்சராகக் கடன் பத்திரம் விற்றுப் போராட்டத்துக்குப் பணமும் திரட்டினார். 1921 டிசம்பரில், முழு விடுதலைக்குப் பதில் தன்னாட்சி தந்து, வடக்குப் பகுதி விலகிக்கொள்ளவும் இடம்கொடுத்த ஒப்பந்தத்தில் பிரிட்டனோடு கையெழுத்திட்டபோது தோழர்களே இரண்டுபட்டார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. 1922 ஆகஸ்ட் 22-ல், சொந்த மாவட்டத்திலேயே பதுங்கித் தாக்கியவர்களின் குண்டுக்குப் பலியானார். வயது 31.

மற்றவர் ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர். ரோமில் பிறந்து, 90 வயது வரை வாழ்ந்தவர். 1969-ல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்க, இவர் கொலம்பியா கலத்தில் தனியே சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பூமியோடு தொடர்பே கிடையாது. ‘நிலவில் கால் வைக்காதவர்’ என்று அவரைக் குறைத்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. கீழே போன இருவரும் மேலே வந்து இணைய முடியாமல் போனால், அவர்களை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவர் அவர்தான்.

துணிச்சலில் இருவரையும் தராசில் வைக்க மாட்டேன். ஆனால் எடுத்த முடிவின் பாரம் போராளிக்கே அதிகம்: அவர் போட்ட கையெழுத்து ஒரு நாட்டின் எல்லையைத் தொட்டது.