தாய்ப்பால் மட்டுமா, கூடவே பவுடர் பாலுமா?

பெரும்பாலான வீடுகளில் இது முதல் மூன்று நாளிலேயே முடிவாகிவிடுகிறது, அதுவும் அம்மாவைக் கேட்காமலேயே. சிசேரியன் தையல் வலியில் திரும்பிப் படுக்கவே முடியாத நேரத்தில் குழந்தை வீறிட்டு அழும். "பால் பத்தல போல, ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க" என்று பெரியம்மா யாராவது சொல்லிவிடுவார்.

அப்போது சுரப்பது சீம்பால். கொஞ்சமாக, மஞ்சளாக, கெட்டியாகத்தான் வரும். பிறந்த குழந்தையின் குட்டி வயிற்றுக்கு பொதுவாக அதுவே போதும். போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் தினமும் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா, எடை ஏறுகிறதா, அதைப் பாருங்கள்.

பவுடர் பாலில் ஒரு வசதி உண்டு, மறுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து கொடுக்கலாம், அம்மா தூங்கலாம். ஆனால் குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும், புட்டி கூடக்கூட சுரப்பு குறையும், அப்புறம் "எனக்குப் பாலே இல்லை" என்பது நிஜமாகிவிடும். புட்டியைக் கொதிக்க வைப்பது, டப்பா செலவு எல்லாம் தனி.

குறைமாதக் குழந்தை, ரத்தத்தில் சர்க்கரை குறைவு என்று டாக்டர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை.

வேலைக்குப் போகிறவர் கதை வேறு. மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. தினக்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு அது எங்கே கிடைக்கிறது? அவரிடம் போய் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.