ஸ்காபரோ ஐஸில் ஓட: சப்பாத்தை விடுங்கோ, ஆணியைப் பாருங்கோ

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில், அதுவும் எங்கள் ஸ்காபரோப் பக்கம், டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளியில் ஓடுகிற ஆளென்றால் புதுச் சப்பாத்துக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. இப்போது ஓடுகிற சப்பாத்தே போதும். அதற்கு மேலே கொழுவுகிற ஆணி ஒரு சோடி வாங்குங்கள். நான் பாவிப்பது கஹ்தூலா என்ற அமெரிக்கக் கம்பெனியின் நானோஸ்பைக்ஸ்.

இந்தக் குளிரில் ஏன் வெளியே ஓடுவான் என்று என் மச்சான் ஒவ்வொரு வருடமும் கேட்பான். ஹமில்ட்டனில் மார்ச் கடைசியில் ‘அரவுண்ட் த பே’ ஓட்டம் நடக்கும். 1894இல் தொடங்கியது, பொஸ்ரன் மரதனைவிட மூன்று வயது மூப்பு. 30 கிலோமீற்றர். மார்ச்சில் அதை ஓடி முடிக்க வேண்டுமென்றால் ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான் நீண்ட ஓட்டங்களை ஓடிப் பழக வேண்டும். ட்ரெட்மில்லில் இரண்டு மணித்தியாலம் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுகிற பொறுமை எனக்கு இல்லை.

கடைக்குப் போய் ‘விண்டருக்கு ஓடச் சப்பாத்து’ என்று கேட்டால் நேரே தண்ணீர் புகாத சப்பாத்து இருக்கிற பக்கம்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படி ஒன்று நானும் வைத்திருந்தேன், கம்பெனிப் பெயர் வேண்டாம். மேலே விழுந்த தண்ணீர் உள்ளே போகவில்லை, உண்மைதான். ஆனால் கிங்ஸ்ரன் றோட்டைக் கடக்கிற இடத்தில் பனி உருகிய சேற்றுத்தண்ணீர் கணுக்கால் மட்டம் நிற்கும். கால் வைத்தால் அது மேல்வாயால் உள்ளே இறங்கும். இறங்கினது வெளியே போக வழியில்லை, தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே வைத்த சவ்வே அதையும் மறித்து வைத்திருக்கும். மீதி ஓட்டம் முழுக்க வாளிக்குள் கால். சாதாரண வலைத்துணிச் சப்பாத்தென்றால் நாலு எட்டு வைக்கத் தண்ணீர் வெளியே வந்துவிடும். உள்ளே மெரினோ கம்பளிச் சொக்ஸ் இருந்தால் நனைந்தாலும் ஒரு மணித்தியாலம் வரை கால் சூடாகத்தான் இருக்கும்.

எங்கள் ஓட்டக் குழுவில் வயதில் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது: “தம்பி, கால் நனையிறது ஒரு பிரச்சினையே இல்லை. கால் நிக்கேலாததுதான் பிரச்சினை.” கடைக்காரர் யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

கால் எங்கே நிற்காது? கடும் குளிரில் இல்லை. மைனஸ் 15இல் காய்ந்த ஸ்னோவில் சாதாரண றப்பரே நன்றாகப் பிடிக்கும். ஆபத்து பூச்சியத்தை ஒட்டிய நாட்களில். பகலில் உருகும், பின்னேரம் நாலே முக்காலுக்கு இருட்டும்போது மறுபடி இறுகத் தொடங்கும். ஐஸுக்கு மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று நிற்கும், அதில் எந்த றப்பருக்கும் பிடி இல்லை. அதிலும் மோசமான இடங்கள் இரண்டு. ஒன்று, பஸ் தரிப்பிடம்: சனம் நின்று நின்று மிதித்து ஸ்னோவைக் கண்ணாடி ஆக்கிவிடும். மற்றது, வீட்டு வாசலில் கார் ஏறி இறங்குகிற சரிவு. டயர் தேய்த்து மினுக்கிய அந்த இரண்டு தடங்களும் இரவில் கண்ணுக்கே தெரியாது.

இதையெல்லாம் அளந்து பார்க்கிற இடம் ஒன்று ரொறன்ரோவிலேயே இருக்கிறது. ரொறன்ரோ றீஹாப் என்ற மறுவாழ்வு மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஐஸ் தரை போட்ட ஓர் அறை. ஆளுக்குப் பாதுகாப்புப் பட்டி மாட்டி நடக்கவிட்டு, வழுக்கும் வரை தரையைச் சரிப்பார்கள். 7 பாகைச் சரிவு தாங்கினால் அந்தப் பூட்ஸுக்கு ஒரு பனித்துகள் அடையாளம், அதுதான் தேறியதற்கான குறைந்தபட்ச மதிப்பீடு. 2016இல் முதன்முறை முடிவை வெளியிட்டபோது குளிர்காலத்துக்கென்றே விற்கிற பூட்ஸ்களில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவை நடக்கிற பூட்ஸ், ஓடுகிற சப்பாத்து இல்லை. ஆனாலும் பெட்டியில் ‘விண்டர்’ என்று எழுதியிருப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பது விளங்கும்.

இனி ஆணி. நானோஸ்பைக்ஸ் என்பது இழுபடுகிற றப்பர் மாதிரியான ஒரு பட்டி, அடியில் பிளாஸ்ரிக் தகடு, தகட்டில் காலுக்குப் பத்து ஆணிகள், ரங்ஸ்ரன் காபைட் என்ற மிகக் கடினமான பொருளில் செய்தவை. ஆறு முன்னுக்கு, நாலு குதிக்கு. ஆணியின் நீட்டம் அரைச் சென்ரிமீற்றர்தான். அந்தக் குட்டைதான் இதன் கெட்டித்தனம். வெறும் கொங்கிரீட் வந்தாலும் கால் தடக்காது, கிறிச் கிறிச் என்று சத்தம் மட்டும் வரும். எங்கள் நடைபாதையில் நூறு மீற்றர் உப்புப் போட்டுக் காய்ந்திருக்கும், அடுத்த வீட்டுக்காரர் ஸ்னோவை வழிக்காமல் விட்டிருப்பார், அதற்கடுத்தது முழு ஐஸ். இந்த மூன்றிலும் கழற்றாமல் ஓடக்கூடிய சாமான் இதுதான். முன்பு கம்பிச்சுருள் சுற்றிய வேறொரு வகை வைத்திருந்தேன். கொங்கிரீட்டில் தேய்ந்து கம்பி அறுந்து, நடு வழியில் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெயரைக் கவனித்து வாங்குங்கள். அதே கம்பெனியின் மைக்ரோஸ்பைக்ஸ் சங்கிலி போட்டது, மலையேற. அதைக் கட்டிக்கொண்டு ஸ்காபரோ நடைபாதையில் ஓடினால் முழங்கால் போய்விடும்.

கொழுவுவதிலும் விஷயம் இருக்கிறது. கையுறை போடுவதற்கு முன், வீட்டுக்குள்ளேயே கதவடியில் இருந்து செய்யுங்கள். முதலில் முன்விரல் பக்கத்தை நுழைத்து, பின்னால் இருக்கிற நாக்கைப் பிடித்துக் குதிக்கு மேலே இழுக்க வேண்டும். பிறகு காலைத் திருப்பித் தகடு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கோணலாக நின்றால் முதல் திருப்பத்திலேயே பக்கவாட்டில் ஓடிவிடும். கடைக்குப் போகும்போது உங்கள் சப்பாத்தைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து அளவு எடுங்கள். இப்போது வருகிற, அடியில் தடித்த பஞ்சு வைத்த சப்பாத்துகளுக்கு ஓரளவு பெரியதுதான் சரிவரும்.

எல்லா ஆணி வகைக்கும் பொதுவான குறை ஒன்று: மாபிள், ரைல்ஸ். அப்பார்ட்மெண்ட் வாசலிலும் சப்வே படியிலும் இது ஐஸைவிட வழுக்கும், தரையும் கீறுப்படும். கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புதிதாகக் கொட்டிய ஆழமான ஸ்னோவிலும் இதால் பிரயோசனமில்லை, ஆணி நிலத்தைத் தொட்டால்தானே பிடிக்கும்.

ஆணி பதித்தே வருகிற சப்பாத்து வேண்டாமா? மோர்னிங்சைட் பார்க், ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்குப் பக்கமே ஓடுகிறவர் என்றால் வாங்கலாம். சுவீடனின் ஐஸ்பக் இதில் பெயர் எடுத்தது. அதன் ஆணிகள் அசையாமல் நிற்பவை இல்லை, அழுத்தத்துக்கு ஏற்ப உள்ளே வாங்கும். ஆனால் இருநூறு டொலருக்கு மேலே போகும், பாதி வழியில் கொங்கிரீட் வந்தால் கழற்றவும் முடியாது. இந்த இடத்தில் ஒரு வேடிக்கை: தெற்கு ஒன்ராறியோவில் இருக்கிறவர் காருக்கு ஆணி டயர் போடச் சட்டம் விடாது, வடக்கில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. காலுக்கு யாரும் தடை போடவில்லை.

காசே செலவழிக்க மனமில்லையா, அதுக்கும் அக்காவிடம் வழி இருக்கிறது. தகரத்துக்கு அடிக்கிற அறுகோணத் தலைக் குட்டைத் திருகாணி ஒரு பெட்டி வாங்கி, பழைய சப்பாத்தின் அடியில் ஓரங்களில் இறுக்கிவிடுவார். தலையின் விளிம்புதான் ஐஸைக் கடிக்கும். அடிப்பாகம் தடித்த சப்பாத்தாக இருக்க வேண்டும், உள்ளே காற்றுப்பை உள்ளதில் கைவைக்காதீர்கள். அக்கா இதோடேயே பிளஃபர்ஸ் பார்க்குக்கு இறங்குகிற பிரிம்லி றோட் சரிவில் ஏறி இறங்குகிறார், எனக்கு அந்தத் துணிவு இல்லை.

ஆணிக்குக் கீழே போடுகிற சப்பாத்துக்கு இரண்டே விதி. தடித்த சொக்ஸ் போட்டும் விரல் ஆட வேண்டும், இறுக்கினால் விரல் விறைக்கும். தேவையென்றால் அரை அளவு பெரிதாக எடுங்கள். கராஜிலோ காரிலோ வைக்காதீர்கள், குளிரில் அடியில் இருக்கிற பஞ்சு பலகை மாதிரி இறுகிவிடும். காற்று விரலில் அடிக்கிற நாட்களில் வலைத்துணிக்கு மேலே டக்ட் ரேப் ஒட்டுங்கள், அழகாயிராது. வந்ததும் ஆணியையும் சப்பாத்தையும் உப்புப் போகக் கழுவி, சப்பாத்துக்குள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து வையுங்கள், ஹீற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம், பசை விட்டுவிடும்.

மார்ச்சில் விலை குறைப்பார்கள், ஆனால் நடு அளவுகள் அதற்கு முன்பே முடிந்துவிடும். முதல் ஸ்னோவுக்கு முன், நவம்பரிலேயே வாங்குங்கள்.