வாசிப்புக் கணக்குச் செயலி: சில வருடப் பழக்கத்துக்குப் பின் ஒரு புலம்பல்

"நீ படிக்கிறது, கத்துக்கிறது எல்லாத்தையும் அந்தச் செயலியில் போடுறியே, நானும் சேரலாமா?" என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் வரவில்லை. புத்தகம் சேர்ப்பது, நட்சத்திரம் போடுவது எல்லாம் எந்தச் செயலியிலும் ஒன்றுதான், அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு ஆகாதது வருட இலக்கு. 24 புத்தகம் என்று வைத்தால், அதை 365 நாளுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடுகிறது. ஜூன் கடைசியில் 12 முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் 'நீங்கள் 4 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்று முகப்பிலேயே ஒரு வரி. யாரைவிடப் பின்தங்கினேனாம்? ஒரு மாதம் வெறிபிடித்தாற்போல் நாலு புத்தகம் போகும், அப்புறம் இரண்டு மாதம் ஒன்றும் நகராது. படிக்கிற யாருக்கும் இப்படித்தானே?

இந்த வருடம் புள்ளியியல் கற்க உட்கார்ந்தேன். புதுத் தகவல் கிடைத்தால் ஒரு வாய்ப்பை எப்படித் திருத்திக் கணக்கிடுவது என்று சொல்லும் பேஸ் தேற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனை. 'உண்டு' என்று முடிவு வந்தவருக்கு நிஜமாகவே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? விடை சுமார் 9 சதவீதம்தான். சூத்திரத்தில் போட்டால் வருகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. மாலை மாலையாக அதிலேயே கிடந்தேன். செயலியின் கணக்கில் அது அரைப் பக்கம். அந்நேரத்துக்கு ஒரு மெல்லிய நாவலை முடித்திருந்தால் வண்ணக் காகிதம் தூவியிருக்கும்.

அதனால் இலக்கு வைத்த வருடங்களில் என் கை தானாக மெல்லிய புத்தகங்களுக்கே போனது. ஓர் அளவை வைத்தே ஆட்டிவைக்கப் பார்த்தால் அந்த அளவு கெட்டுப்போகும் என்று பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே பணக் கொள்கையைப் பற்றிச் சொல்லிவிட்டார். செயலி செய்தவர்கள் காதில் விழவில்லை போல.

பக்க எண்ணிலும் ஒரு கூத்து உண்டு. அடிக்குறிப்பையும் சொல்லடைவையும் கடைசியில் கொட்டிவைத்திருக்கும் கட்டுரை நூல்களில், கடைசி அத்தியாயத்தை முடித்து மூடிவைத்தாலும் எவ்வளவு படித்தோம் என்று காட்டும் பட்டை 78 சதவீதத்தில் நிற்கும். பழைய பதிப்புகள் பாடு இன்னும் மோசம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் சர்வதேசத் தரமானதே 1970-இல்தான், அதற்கு முந்தைய பதிப்பில் ஸ்கேன் செய்ய ஒன்றுமே இருக்காது. எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டுமே. 'இப்போது படிப்பது' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் புத்தகப் பெயரோடு ஒரு சிறு குறிப்பும் எழுதலாம். எரிச்சலில் "இந்த 9 சதவீதத்தை நம்பவே முடியவில்லை" என்று எழுதிவைத்தேன். முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் கீழே பதில் போட்டார்: "சதவீதத்தை விடுங்க, ஒரு லட்சம் பேரை எண்ணிப் பாருங்க. நோயாளி 100 பேர், அவர்களில் 99 பேருக்கு 'உண்டு' என்று வரும். மீதி 99,900 பேரில் 999 பேருக்குத் தப்பாக வரும். இப்போ 1,098 பேரில் எத்தனை பேர் நிஜம்?" அவ்வளவுதான், பளிச்சென்று ஆகிவிட்டது. முடித்த புத்தகங்களுக்கு நான் எழுதிய நீள நீளமான விமர்சனங்களால் இப்படி ஒரு பலன் ஒரு தடவைகூட வந்ததில்லை.

தரவு முழுவதையும் சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் விடுகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். பாதியில் நிற்கிற வேலையை நாலு பேருக்குக் காட்ட அந்த 'இப்போது படிப்பது' பகுதியைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நண்பரிடம் "சேராதே" என்றுதான் சொன்னேன். இது டிசம்பர். முகப்பைத் திறந்தால் 'இன்னும் 9 புத்தகம், 12 நாள்' என்கிறது. இலக்கை 1 என்று மாற்றிவிடலாம், இரண்டு தட்டு வேலைதான். வீம்புக்கு மாற்றாமல் இருக்கிறேன். ஜனவரியில் கேட்டிருந்தால் நானே சேர்த்துவிட்டிருப்பேன்.