வேன் சும்மாதானே நிக்குது?

2016 ஜனவரியில் வாங்கிய வேன். 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 2.5 லிட்டர் டர்போ டீசல், மேனுவல் கியர், ஓட்டுபவரோடு சேர்த்து 14 இருக்கை. வாங்கியபோது மீட்டர் 118,000 காட்டியது. இன்று காலை 286,400. இதில் எனக்கென்று நான் ஓட்டியது எவ்வளவு என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. டொயோட்டா ஹையேஸா நிசான் அர்வானா என்று மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தினமும் ஒரு பட்டிமன்றம் நடக்கிறது, அதில் எனக்கு இடம் வேண்டாம். நான் சொல்லப்போவது மூக்கில்லாத, எஞ்சின் மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிற எந்தப் பெரிய வேனுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். நாங்கள் பள்ளிக்கூடம் போனதே அந்த லோரியின் பின்பெட்டியில்தான். மழை வந்தால் ஒரே தார்ப்பாய்க்குள் இருபது தலை, சட்டையெல்லாம் உர வாடை. பிறகு தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது டவுன் குடியிருப்புக்கு வந்தோம். எனக்கும் தங்கைகள் இருவருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தன. தைப்பூசத்துக்குப் பத்துமலை போக மூன்று கார் எடுத்தோம். மூன்று காரில் போனால் மூன்று சண்டை. ஒருவர் தாப்பாவில் நிற்பார், இன்னொருவர் நிற்காமல் தஞ்சோங் மாலிம் தாண்டியிருப்பார், அம்மாவின் மாத்திரைப் பை மூன்றாவது காரில் இருக்கும். வேன் யோசனை வந்தது அப்படித்தான்.

61,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) முடித்தேன். வண்டியை என் பெயருக்கு மாற்ற பி5 என்ற வாகனப் பரிசோதனை, அது ஒரு காலைப்பொழுது வேலை. கார் ஓட்டுகிற டி லைசென்ஸ் போதும், வெறும் வண்டியின் எடை 3,500 கிலோவைத் தாண்டாதவரை. ஆனால் ஆட்டோ கியருக்கு மட்டும் எடுத்த டிஏ லைசென்ஸ் இதற்கு ஆகாது. என் மனைவியிடம் இருப்பது டிஏ. ஆக ஒன்பது வருடமாக டிரைவர் நான் ஒருவன்தான். கோலாலம்பூர் போய்த் திரும்பும்போது இந்த ஒரு விஷயம் உறைக்கும். வாங்குமுன் வீட்டில் யார் யாரிடம் எந்த லைசென்ஸ் என்று பார்த்துவிடுங்கள். டோலில் மட்டும் ஒரு சந்தோஷம்: இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்பதால் முதல் வகுப்பு. 14 பேர் போனாலும் ஒரு காருக்கு உள்ள கட்டணம்தான்.

ஓட்டப் பழக எனக்கு இரண்டு வாரம் ஆனது. முன்சக்கரம் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேயே இருப்பதால், காரைப்போல் முன்கூட்டியே திருப்பினால் பின்சக்கரம் திட்டில் ஏறிவிடும். வேனின் முகம் சந்தின் முனையைத் தாண்டியபிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். பழகிவிட்டால் இதைவிடச் சுலபமான வண்டி இல்லை; முன்னால் பானெட் கிடையாது, எல்லாம் கண்ணுக்கு நேரே. வேன் காலியாகப் போகும்போதுதான் தொல்லை. பின்னால் பட்டை ஸ்பிரிங். ஆள் இல்லாமல் தோட்டத்துச் செம்மண் சாலையில் போனால் பல் ஆடும். எட்டுப் பேர் ஏறிய மறுநிமிடம் தொட்டில் மாதிரி ஆகிவிடும். ஆள் ஏறினால்தான் அதற்குக் குணம் வருகிறது.

இருக்கை 14 என்று சொன்னேன் இல்லையா, அதை அப்படியே நம்ப வேண்டாம். 14 பேர் உட்கார்ந்தால் ஒரு பாய்கூட வைக்க இடமிருக்காது. இரவு தங்கும் பயணம் என்றால் கடைசி வரிசையை மடக்கிவிட்டுப் பத்துப் பேர், அதுதான் நிஜக் கணக்கு. சாமானை மேலே ஏற்றலாமே என்று நானும் கூரையில் கேரியர் போட்டேன். வேனின் உயரம் 1.98 மீட்டர். கேரியரோடு சேர்த்து எவ்வளவு என்று அளக்காமல் ஈப்போவில் ஒரு நிலத்தடி நிறுத்துமிடத்துக்குள் நுழைந்தேன். மேலே தொங்கிய மஞ்சள் கம்பி 'டங்' என்றது. பின்னால் ஐந்து கார். அத்தனை பேரையும் பின்வாங்கச் சொல்லி நான் வெளியே வந்த அழகைப் பார்த்த என் மகன், இன்றைக்கும் மஞ்சள் கம்பியைக் கண்டால் 'டங்' என்பான். கேரியரை அந்த வாரமே கழற்றிவிட்டேன்.

உயரத்தில் இன்னொரு பக்கம் உண்டு. வேனின் தரை உயரம். நாற்பது வயதுக்காரனுக்கு அது ஒரு படி. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது மலை. முதல் மாதமே அம்மா ஒரு காலை வைத்து, மறுகாலைத் தூக்க முடியாமல் கைப்பிடியில் தொங்கினார். பசார் மாலத்தில் (இரவுச் சந்தை) ஆறு வெள்ளிக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி வாங்கினேன். அதன் காலில் ஒரு ராஃபியா கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கதவோரத்து இருக்கையின் காலில் கட்டிவைத்தேன். எல்லாரும் ஏறியதும் கயிற்றை இழுத்தால் முக்காலி உள்ளே வந்துவிடும், யாரும் இறங்கி எடுக்க வேண்டாம். 350 வெள்ளிக்கு அலுமினியப் படி மாட்டித்தருகிறேன் என்றார்கள். முக்காலி போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். இப்போது ஓடுவது நான்காவது முக்காலி. கோயில் வாசலில் எங்கள் வேன் நின்றால் மற்ற வண்டிப் பாட்டிகளும் அதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள், கயிற்றை அவிழ்த்துத்தான் தர வேண்டும்.

ஏர்கோன் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் உள்ளதை மாதம் ஒருமுறை கவனிக்காவிட்டால் தூசி அடைத்து, கடைசி வரிசையில் இருப்பவர்கள் வியர்க்கத் தொடங்குவார்கள். அவர்கள் பெரும்பாலும் பேசாத பிள்ளைகள் என்பதால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆள் நிறைந்து, இரண்டு ஏர்கோனும் ஓட, காராக் பக்கம் கெந்திங் செம்பா மேட்டில் ஏறும்போது மூன்றாவது கியர்தான். அதற்கு மேல் அடம் பிடிக்கக்கூடாது. கேமரன் மலைக்கு நான் எப்போதும் சிம்பாங் பூலாய் வழி. தாப்பா வழியில் ஒருமுறை போய், வளைவுகளில் நான்கு பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தபின் அந்தப் பாதைக்கே கும்பிடு. பினாங்கிலிருந்து ஈப்போ பக்கம் வரும்போது மெனோரா சுரங்கப்பாதை தாண்டி ஜெலாப்பாங் இறக்கம் வரும். அங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆள் ஏற்றிய வேனைக் கியரால் பிடித்துத்தான் இறக்க வேண்டும்.

இனி வைத்தியச் செலவு.

எஞ்சின் ஆயில் ஏறத்தாழ 7 லிட்டர், நான் 7,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டீசல் வடிகட்டியைப் பலர் மறந்துவிடுவார்கள். 2019 பிப்ரவரியிலிருந்து நம் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து (பாமாயில்) செய்த பயோடீசல். எங்கள் தோட்டத்துக் குலையே என் வேனுக்குள் எரிகிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அது ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. வடிகட்டியின் அடியில் தண்ணீர் சேரும். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடித் திருகைத் தளர்த்தி வடித்துவிடுவேன். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், பழைய உரிமையாளர் மாற்றிவிட்டேன் என்று சொல்வதைக் காதில் வாங்காமல் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் எஞ்சினும் போச்சு. சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

பெரிய பாடம் படித்தது 2019 தைப்பூசத்துக்கு முதல் நாள். தாப்பா ஓய்விடத்தில் பசியாறிவிட்டுக் கிளம்பியதும் எஞ்சின் மூச்சு வாங்கியது. நின்ற இடத்தில் உறுமல் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். பீடோரில் ஹைவேயை விட்டு இறங்கி வேகத்தைக் குறைத்தேன், அப்படியே அணைந்துவிட்டது. வேனில் பதினோரு பேர், ஒரு பால்குடம், கூடையில் எலுமிச்சம் பழங்கள். அருகில் இருந்த ஒர்க்‌ஷாப்காரர் காதை வைத்துக் கேட்டார், எஞ்சினுக்குள் டீசல் பீச்சுகிற நான்கு இஞ்செக்டரும் போச்சு என்றார், 6,200 வெள்ளி. பயணம் கெட்டது. தங்கை வீட்டுக்காரர் ஈப்போவிலிருந்து இரண்டு கார் அனுப்பினார். வேனை இழுவை லோரியில் ஏற்றி ஊருக்கே கொண்டுவந்தேன்.

எங்கள் ஊர் பொமன், அதாவது மெக்கானிக், எழுபது வயதைத் தாண்டிய சீனர். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் இருக்கையைத் தூக்கி நிறுத்தினால்தான் கை போகும். தூக்கினார். ஓடவிட்டார். சூடாகும்வரை ஒரு சிகரெட்டை முடித்தார். உறுமல் ஏறி இறங்கத் தொடங்கியதும் டீசல் பம்பில் ஒட்டியிருந்த கட்டைவிரல் அளவு சாமானைக் காட்டி, "இஞ்செக்டர் புக்கான், தம்பி. வால்வ் சாஜா" என்றார்; இஞ்செக்டர் இல்லை, வால்வு மட்டும்தான் என்று அர்த்தம். பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற வால்வு அது. உள்ளே தேய்ந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். சாமானும் கூலியும் சேர்த்து 580 வெள்ளி. இஞ்செக்டர்கள் இன்னும் அதே நான்குதான். டீசல் வேன் நின்ற இடத்தில் உறுமி உறுமி அணைந்தால், யார் எவ்வளவு பெரிய தொகை சொன்னாலும், முதலில் அந்த வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2020 மார்ச் 18 முதல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. வேன் வீட்டு முன்னால் மாதக்கணக்கில் நின்றது. பேட்டரி செத்தது, பின் பிரேக் ஒட்டிக்கொண்டது, எலி வந்து ஒயரைக் கடித்தது. 2021 அக்டோபர் 11 அன்று மாநில எல்லை திறந்தபோது வேனைத் தயார்படுத்த 1,400 வெள்ளி ஆனது. நகரும் கதவின் உருளை மட்டும் ஓடினாலும் தேயும், நின்றாலும் துருப்பிடிக்கும்; இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். பிள்ளைகள் அந்தக் கதவை அடைக்கிற அடியில் எது போட்டாலும் நிற்காது.

டீசல் விலை பற்றிக் கேட்பீர்கள். டேங்க் 70 லிட்டர். 2024 ஜூன் 10 அன்று லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவியது. 150 வெள்ளியில் நிறைந்த டேங்க் ஒரே இரவில் 234 ஆனது. டீசல் வண்டிக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் புடி மடானி உதவிக்கு விண்ணப்பித்தேன், மாதம் 200 வெள்ளி கிடைத்தது. லிட்டருக்கு 1.20 கூடுதல் என்றால் அந்த 200 வெள்ளி 166 லிட்டருக்கு ஈடு. என் வேன் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும். அன்றைய விலைக்கு மாதம் 1,660 கிலோமீட்டருக்குள் ஓட்டினால் நஷ்டமில்லை. அந்த அளவோடு ஓட்ட விடுகிறார்களா?

இங்கேதான் வருகிறது தலைப்பில் உள்ள கேள்வி. வேன் வாங்குவது வரைதான் அது நம்முடையது. "தம்பி, நாளைக்கு வேன் சும்மாதானே நிக்குது?" என்று கேட்டு ஒரு அக்கா வருவார். கோலகங்சாரில் நிச்சயதார்த்தம், தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி, நடுராத்திரியில் வந்த சாவுச் செய்தி. சாவுக்கு மறுக்க முடியாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். காசு வாங்கினால் சட்டம் வேறு: உரிமம் இல்லாத தனியார் வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது 2010ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். ஆகவே நான் காசைத் தொடுவதில்லை. பதிலுக்கு மரவள்ளிக்கிழங்கு வரும், நாட்டுக்கோழி வரும், தீபாவளிக்கு முறுக்கு டின் ஏழெட்டு வரும். ஒருமுறை ஒருவர் சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்டு நெய் டின் கொடுத்தார். நெய் தீர்ந்துவிட்டது, மழை நாளில் நடு வரிசைக் கம்பளத்தில் பெருங்காய வாடை இன்னும் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மட்டும் வேறு ரகம். வேனில் வரும்போதெல்லாம் கழிவறைக்கு என்று சொல்லி இறங்கி, பெட்ரோல் நிலையத்தில் டீசலுக்குக் கட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல வந்து உட்காருவார். அவருக்கு முன் இருக்கை எப்போதும் காலி.

ஆக, யாருக்கு இந்த வேன்? வீட்டில் ஆறு பேருக்குள் என்றால் எம்பிவி என்கிற ஏழு இருக்கைக் குடும்பக் கார் போதும், இவ்வளவு பெரியதை வாங்கி நிறுத்த இடம் தேடி அலையாதீர்கள். எட்டைத் தாண்டினால், அருகில் நேர்மையான பொமன் ஒருவர் இருந்தால், "இல்லை" என்று சொல்ல வாய் வந்தால், வாங்கலாம். மூன்றாவது எனக்கு இன்னும் வரவில்லை.

போன வாரம் ஒரு கேட்டரிங்காரர் வந்து 36,000 வெள்ளிக்குக் கேட்டார். ஒன்பது வருடம் நான் ஓட்டிய வண்டிக்கு நல்ல விலைதான். அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பங்குனி உத்திரத்துக்கு மாரான் கோயிலுக்குப் போகணும், பதிமூணு பேரு சொல்லியாச்சு. எதுல போறது?" என்றார். கேட்டரிங்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.