செப்மேட் குழாய்: யாருக்கு லாபம்?

ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரிக்க உதவும் குழாய் செப்மேட். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு ரத்த மாதிரிகள் வந்து இறங்கும் ஆய்வகம் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் என்றால் சாதாரண 50 மி.லி. குழாயும் நிதானமான கையும் போதும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் குழாய்க்கு இதன் விலை அதிகம்.

தடுப்பூசிக்கு டி செல்கள் (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒருவகை) எப்படி வினைபுரிகின்றன என்று எலிஸ்பாட் என்ற சோதனையில் பார்க்க, முதலில் ரத்தத்திலிருந்து பிபிஎம்சி செல்களை, அதாவது டி செல்கள் உள்ளிட்ட ஒற்றை உட்கரு வெள்ளணுக்களை, பிரிக்க வேண்டும். வழக்கமான முறையில் 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் என்ற பிரிப்புத் திரவத்தின் மேல், பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் சரிபாதி சேர்த்த ரத்தத்தைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகப் படரவிட வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசை), 30 நிமிடம், பிரேக் இல்லாமல். கை கொஞ்சம் நடுங்கினாலும் இரண்டும் கலந்துவிடும். புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கனடாவின் ஸ்டெம்செல் டெக்னாலஜிஸ் தயாரிக்கும் செப்மேட்டில் இந்தத் தொல்லை இல்லை. குழாய்க்குள் நடுவே துளையுள்ள ஒரு தடுப்பு இருக்கிறது. அந்தத் துளை வழியாகப் பிப்பெட்டால் 15 மி.லி. ஃபைக்காலை இறக்கினால் அது தடுப்புக்குச் சற்று மேலே வந்து நிற்கும். நீர்த்த ரத்தத்தை அதன் மேல் சுவரோரமாக ஊற்றிவிடலாம். 1200 ஜி, 10 நிமிடம், பிரேக் போட்டே நிறுத்தலாம். சிவப்பணுக்களும் கிரானுலோசைட்டுகளும் (நியூட்ரோஃபில் போன்ற வெள்ளணுக்கள்) தடுப்புக்குக் கீழே போய்விடும்; பிபிஎம்சி மேலே நிற்கும். மேலே இருப்பதை ஒரே வீச்சில் வேறு குழாய்க்குச் சாய்த்துவிட வேண்டும். இரண்டு நொடிக்கு மேல் கவிழ்த்தே வைத்திருந்தால் கீழே உள்ளதும் கசிந்து வரும்.

சுழற்சி ஜியில்தான் சொல்லப்பட்டிருக்கிறது, ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) அல்ல. 17 செ.மீ. ஆரமுள்ள ஸ்விங் ரோட்டரில் 1200 ஜி என்பது சுமார் 2500 ஆர்பிஎம். இயந்திரத்தில் 1200 ஆர்பிஎம் என்று அழுத்திவிட்டுக் குழாயைக் குறை சொல்பவர்கள் எல்லா ஆய்வகத்திலும் உண்டு.

ஆனால் குழாய் தீர்த்துவைக்காத விஷயங்களும் இருக்கின்றன. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஃபைக்காலை ஊற்றினால் அதன் அடர்த்தி கூடியிருக்கும்; சிவப்பணுக்கள் முழுதாக இறங்காமல் தடுப்புக்கு மேலேயே தங்கிவிடும். ஃபைக்கால், ரத்தம், சென்ட்ரிஃபியூஜ் மூன்றும் அறை வெப்பநிலையில் இருப்பது கட்டாயம். தடுப்புக்குக் கீழே பெரிய காற்றுக் குமிழி மாட்டினால், ரத்தம் ஊற்றும் முன்பே குழாயை மேசையில் லேசாகத் தட்டி வெளியேற்றுங்கள். ஒரு நாள் பழைய ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் அடர்த்தி குறைந்து பிபிஎம்சியோடு சேர்ந்தே மிதக்கும். அதை எந்தத் தடுப்பும் தடுக்காது. அதுமாதிரி மாதிரிகளுக்கு 20 நிமிடம் சுழற்றினால் ஓரளவு தேறும். வெளியூர் முகாம்களிலிருந்து மாதிரி வரும் ஆய்வுகளில், குழாய்க்குச் செலவிடுவதற்கு முன், ரத்தத்தைச் சீக்கிரம் கொண்டுவர வண்டிக்குச் செலவிடுவது நல்லது.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் பிபிஎம்சியோடு கூடவே வரும். 300 ஜியில் ஒருமுறை கழுவிய பிறகு, 120 ஜியில் 10 நிமிடம் பிரேக் இல்லாமல் இன்னொருமுறை கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ஆரோக்கியமானவரின் 1 மி.லி. ரத்தத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் செல்கள் எதிர்பார்க்கலாம். அதில் பாதிகூடத் தேறவில்லையென்றால் கழுவும்போது கொட்டும் மேல்நீரோடு போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நியூட்ரோஃபில்களையோ சிவப்பணுக்களையோ ஆராய்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது தடுப்புக்குக் கீழே சிக்கிக்கொள்ளும். அதைச் சுத்தமாக வெளியே எடுக்க வசதியான வழி இல்லை.