கடலையும் மிளகாயும்: நிறுத்து வாங்குவதா, பாக்கெட்டா?

பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக்கடைகளில் இரண்டு விதமாகவும் கிடைக்கும். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருவது ஒன்று, பெயர் அச்சடித்த பாக்கெட் இன்னொன்று. எது நல்லது என்றால் பாக்கெட் என்றுதான் பலரும் சொல்வார்கள். நிலக்கடலை, காய்ந்த மிளகாய் விஷயத்தில் எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். காரணம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை.

இது கடையில் பிறப்பதில்லை, மண்ணில் இருப்பது. காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்து நிலம் சூடேறினால், மண்ணுக்குள்ளேயே கடலையைப் பிடித்துவிடும். அறுவடைக்குப் பிறகு ஒழுங்காகக் காயவைக்காவிட்டால் சாக்கிலும் வளரும். இது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலைத் தாக்குகிற நஞ்சு. அதில் பி1 வகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதிப்பட்டது. 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்திலிருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், 1988இல் பக்கத்துப் பேராக் மாநிலத்தில் லோ ஷீ ஃபன் நூடுல்ஸ் சாப்பிட்ட குழந்தைகள் 13 பேர் இறந்தார்கள். அந்த ஆய்விலும் அஃப்ளடாக்சின்தான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

வறுத்தால் போய்விடும் என்பார்கள். கொஞ்சம் குறையும், போகாது. சமையல் சூடு இதற்குப் போதாது.

சரி, கடலைக்கு வருவோம். ஒரு மூட்டையில் நஞ்சு சமமாகப் பரவியிருக்காது. பெரும்பாலான மணிகள் சுத்தமாக இருக்க, சில மணிகளில் மட்டும் அளவு எக்கச்சக்கமாக இருக்கும். அதனால்தான் முறத்தில் போட்டுப் பொறுக்கும் பழைய பழக்கம் உண்மையிலேயே வேலை செய்கிறது. சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் ஒதுக்கினால் நஞ்சின் பெரும்பகுதி அதோடு போய்விடும். முழுவதும் போகும் என்று சொல்லமாட்டேன், பார்வைக்கு நன்றாக இருக்கும் மணியிலும் சிறிது இருக்கலாம். பெரிய நிறுவனங்கள் தோல் நீக்கி, நிறம் பார்க்கும் எந்திரத்தில் இதே பொறுக்கலைச் செய்கின்றன. ஆகவே பொறுக்கப் பொறுமை உள்ளவருக்குச் சாக்குக் கடலை, இல்லாதவருக்கு முழு மணியாக உள்ள பாக்கெட். சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) குழம்புக்கு என்று பொடித்து விற்கும் சில்லறைக் கடலைத்தூளை மட்டும் நான் தொடமாட்டேன். அதில் எதைப் பொறுக்குவது?

மிளகாயில் கணக்கு இன்னும் தெளிவு. முழு மிளகாயை உடைத்துப் பார்க்கலாம். வெளியே பளபளவென்று சிவந்திருக்கும், உள்ளே விதையைச் சுற்றிச் சாம்பலோ கறுப்போ படர்ந்திருக்கும். நாலைந்தை உடைத்துப் பார்த்தாலே சரக்கின் யோக்கியதை தெரிந்துவிடும்; கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தூளில் அந்த வசதி இல்லை. ஒரே சிக்கல், நம் ஊர் மழை. காலையில் காயப்போட்டு மத்தியானம் நனைந்த மிளகாயை அப்படியே மில்லுக்குக் கொண்டுபோவதைவிட, சோதனை செய்து விற்கும் நிறுவனத்தின் சின்னப் பாக்கெட் தூள் எவ்வளவோ மேல். முழு மிளகாய்தான் வேண்டுமென்றால், ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் காயவையுங்கள், அப்புறம் அரைக்கலாம்.

கடலை எண்ணெயில் மட்டும் கட்சி மாறி, சுத்திகரித்ததுதான் மேல் என்கிறேன். செக்கில் ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கினாலும், கொஞ்சம் எண்ணெயோடும் வரும். சுத்திகரிப்பில் அது ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடுகிறது. செக்கெண்ணெய்ப் பிரியர்கள், எந்தக் கடலையை ஆட்டுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கியதை எங்கே வைப்பது? காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் ஊரில் அடுப்புக்கு மேலே உள்ள தட்டு ஆகாது. இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்தக் குளிரில் புதிதாக நஞ்சு உண்டாகாது. ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கும். மூடியைத் திறந்ததும் பூசண வாடை அடித்தால், கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள். நேராகக் குப்பைதான், கோழிக்கும் போடவேண்டாம்.